கொள்ளைநோயும் விலக்கின் இலக்கணமும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புற வழக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வை ஆராய்ந்தோர் வறுமை, கள், கங்காணி முறை, தோட்டத் துண்டாடல் ஆகியவற்றுக்கு அளித்துள்ள இடத்தைக் கொள்ளைநோய்க்கு அளித்தாரில்லை. நோய் பேசப்படும் இடங்களிலும் அது துன்பத்திற்குரிய சான்றுகளுள் ஒன்றாக வந்து செல்கிறதேயன்றித் தனிப்பொருளாக நின்று ஆராயப்படுவதில்லை. ஆயினும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோரின் அன்றாடப் பழக்கங்களுள் எத்தனையோ, நோய் விட்டுச்சென்ற தடங்களே ஆகும். வாசலில் செருகும் வேப்பிலை, கொதித்து ஆறிய நீர், அம்மை கண்ட வீட்டில் நிறுத்தப்படும் தாளிப்பு, ஆண்டுதோறும் அம்மனுக்கு ஊற்றும் கூழ் ஆகிய யாவும் அத்தகையன.

இக்கட்டுரை நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறத்தை மையமாகக் கொள்கிறது. லின்சம், சிலியாவ், லாபு, சுவா பெத்தோங் முதலிய தோட்டப் பெயர்கள் இம்மாநிலத் தமிழரின் குடும்ப வரலாறுகளோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தவை. போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஒரு நோயின் பெயராகவே நிலைத்துவிட்டதும் இம்மாநிலத்திற்கு நேர்ந்த ஒன்றாகும்.

நாம் இங்கு நிறுவ முற்படுவது ஒரு கருத்தே. கொள்ளைநோய்க் கால வழக்கம் என்பது, நோயுற்றவரை இழிவுபடுத்தாமல் பிரித்துவைப்பதற்கும், பிரிந்தவரை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கும் ஒரு சமூகம் ஆக்கிக்கொண்ட மொழியாகும். அம்மொழி இருந்த இடத்தில் உறவு மீண்டது. அது இல்லாத இடத்தில் நோய் தீர்ந்த பின்னும் பிரிவு தீரவில்லை.

இருவகை வாசிப்புகளும் அவற்றின் குறைகளும்

தோட்டப்புற நோய் வழக்கங்களை நம் வகுப்பறைகளும் மேடைகளும் பெரும்பாலும் இரண்டு வகையாகவே வாசித்துவருகின்றன. முதலாவது, இவை யாவும் மூடநம்பிக்கை என்னும் சீர்திருத்த வாசிப்பு. திராவிட இயக்கச் சிந்தனை மலாயாவில் வேரூன்றிய காலந்தொட்டு இவ்வாசிப்பு வலுப்பெற்றது. நோயாளியை மருத்துவரிடம் காட்டாது மறைத்துவைத்த கொடுமையை அது கண்டித்தது நியாயமே. இரண்டாவது, முன்னோர் செய்தவை அனைத்திலும் அறிவியல் ஒளிந்துள்ளது என்னும் பெருமித வாசிப்பு. வேப்பிலை கிருமியைக் கொல்லும், மஞ்சள் நோயைத் தடுக்கும், கைகூப்பி வணங்குதல் தொற்றைத் தவிர்க்கவே ஏற்பட்டது என இது கூறும். 2020ஆம் ஆண்டில் கைப்பேசிகளின் வழியே இவ்வாசிப்பு பரவிய வேகத்தை யாவரும் அறிவோம்.

எதிரெதிரானவை போலத் தோன்றினும் இவ்விரண்டிற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே வழக்கத்தை மருந்தாகக் கருதுகின்றன. ஒன்று அதனைப் போலி மருந்து என்கிறது. மற்றொன்று மெய்ம்மருந்து என்கிறது. பெரியம்மையை ஒழித்தது வேப்பிலையன்று, தடுப்பூசியே. உலகச் சுகாதார நிறுவனம் 1980ஆம் ஆண்டு மே மாதம் அந்நோய் ஒழிந்ததாக அறிவித்தது. இவ்வுண்மையில் ஐயத்திற்கு இடமில்லை. எனினும், நோயைத் தீர்க்கவில்லை என்பதனாலேயே வழக்கம் எதையும் செய்யவில்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அது மனிதரிடையே என்ன செய்தது என்பதே திறனாய்வாளர் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு நம் இலக்கிய மரபிலேயே இடமுண்டு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கண்ணகிக்கு நேர்ந்த அநீதிக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும், காய்ச்சலும், கொப்புளநோயும் தொடர்ந்தன எனக் கூறுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பலியும் விழாவும் எடுத்த பின்னரே அவை நீங்கின என்கிறது. நோயை உடலின் கேடாக மட்டும் காணாது முறிந்த உறவின் விளைவாகக் காணும் பார்வை இது. பலியிட்டு நோய் தீர்த்தல் இன்று நமக்கு ஏற்புடையதன்று. நோயையும் உறவையும் ஒருசேர நோக்கும் அப்பார்வையையோ இழந்துவிடலாகாது.

லயமும் குறியும்

தோட்டத்து வழக்கத்தை விளங்கிக்கொள்ளத் தோட்டத்து வீட்டை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. இரு குடும்பங்களுக்கு இடையே ஒரு பலகைச் சுவரே இருந்தது. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் பொதுவானவை. விடியுமுன் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்க வேண்டும். குழந்தைகள் அனைத்தும் ஆயாக் கொட்டகையில் ஒன்றாகக் கிடக்கும். நோயுற்றவருக்குத் தனியறை என்பது அங்கே எண்ணிப்பார்க்கவும் இயலாத ஒன்று. ஆகவே, சுவரால் பிரிக்க இயலாததைத் தோட்டமக்கள் குறியால் பிரித்தனர்.

வாசலில் வேப்பிலை செருகப்பட்டால் அயலார் அவ்வீட்டினுள் நுழையார். அவ்வீட்டில் தாளிப்பு, புலால் ஆகியன நிற்கும். துணி வெளுக்கப் போடப்படாது. கணவனும் மனைவியும் விலகியிருப்பர். விருந்தினர் வருவதுமில்லை, வீட்டார் பிறர் வீட்டு விசேடங்களுக்குச் செல்வதுமில்லை. இவை யாவும் விலக்குகள். எனினும், இவற்றைக் குறிக்கும் சொற்களைக் கவனித்தல் வேண்டும். நோய் தொற்றியது என்று எவரும் சொல்வதில்லை. அம்மை பார்த்திருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள், முத்து போட்டிருக்கிறது என்றே சொல்வர். நோயுற்றவர் தீட்டுப்பட்டவராகக் கருதப்படாமல், தெய்வத்தை வீட்டில் ஏற்றிருப்பவராகக் கருதப்படுகிறார். அயலார் உள்ளே வாராமைக்குக் காரணம் அருவருப்பாக இல்லாமல் மரியாதையாக அமைகிறது. விலக்கு ஒன்றுதான், ஆனால் அது அவமதிப்பாக இல்லாமல் வணக்கமாக மாற்றி மொழியப்படுகிறது. இதனையே நாம் விலக்கின் இலக்கணம் என்கிறோம்.

இவ்விலக்கணத்திற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, யார் விலக வேண்டும் என்பது. இரண்டாவது, யார் அருகிலிருக்க வேண்டும் என்பது. பெரும்பாலும் தாயோ, முன்னரே அம்மை கண்டு தேறிய மூத்த பெண்ணோ அப்பொறுப்பை ஏற்பார். மூன்றாவது, விலக்கு எப்போது முடியும் என்பது. கொப்புளம் வாடிய பின், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவர். அதன் பின் கோயிலுக்குச் சென்று கூழோ மாவிளக்கோ படைப்பர். அக்கூழை அதுவரை விலகியிருந்த அண்டை வீட்டார் அனைவரும் வாங்கி அருந்துவர். பிரிவு முடிந்தது என்பதை ஊரறிய அறிவிக்கும் நிகழ்ச்சி அது. இம்மூன்றாம் உறுப்பே நம் கருத்தில் தலையாயது.

இவ்விலக்கணத்தைப் போற்றி மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. அதன் சுமை முழுவதும் பெண்கள்மீதே விழுந்தது. தோட்டத்தில் கூலி நாட்கணக்கில் வழங்கப்பட்டது. பெரட்டில் பேர் போடாத நாளுக்குக் கூலி இல்லை. நோயாளியின் அருகில் இருந்த பெண் இழந்தது உறக்கத்தை மட்டுமன்று, கூலியையும் கூட. அம்மனின் பெயரால் நோயாளியைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பாது வைத்திருந்ததால் உயிர்ப்பலியும் நேர்ந்திருக்கும். மேலும், எவர் வீட்டுக் கூழை எவர் அருந்துவர் என்பதில் சாதியும் குறுக்கிட்டது. வழக்கத்தை மொழியாக வாசிக்கும்போது அம்மொழி யாரைப் பேசவிட்டது, யாரைப் பேசாதிருக்கச் செய்தது என்பதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

எண்ணாகிய உடல்

தொழிலாளரின் வழக்கம் இவ்வாறிருக்க, நிருவாகத்தின் வழக்கம் வேறாக இருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தொழிலாளருக்கு அம்மை குத்தப்பட்டது. கடல் கடந்த பின் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவு போன்ற தனிமைப்படுத்தும் நிலையங்களில் அவர்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். அம்முகாமில் விலக்கு இருந்தது. அருகிலிருக்கும் உறவு இல்லை. தோட்டத்துக்கு வந்த பின் ஒருவரது நோய், மருத்துவ அறிக்கையில் ஆயிரத்துக்கு இத்தனை என்னும் கணக்காயிற்று.

நெகிரி செம்பிலானின் குன்றுசார்ந்த நிலங்களில் மலேரியா ஏன் கடுமையாக இருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். மலைச்சாரல்களில் நோயைப் பரப்பிய அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் இயல்புடையது. இரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்தபோது நிழலிலிருந்த ஓடைகள் வெயிலுக்குத் திறந்துவிடப்பட்டன. தொழிலாளரின் உழைப்பே அவர்தம் நோய்க்கு வழிகோலியது. 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், வடிகால் அமைத்தும் எண்ணெய் தெளித்தும் கொசுவைக் கட்டுப்படுத்தும் முறைகளை வளர்த்தெடுத்தார். அவற்றால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுத்தல் இயலாது.

பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொய்னா புகட்டும் வழக்கமும் இக்காலத்ததே. இங்கு ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. வேப்பிலை கட்டிய வீட்டில் நோயாளி யாருடைய மகன், யாருடைய மனைவி என்பது அறியப்பட்டிருந்தது. கொய்னா வரிசையில் அவர் வேலைக்குத் தகுதியுடைய ஓர் உடல். மருந்து மெய்யானது, உறவு இல்லை. வீட்டில் உறவு மெய்யானது, மருந்து இல்லை. இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடாமற்போனதே தோட்டப்புற நோய் வரலாற்றின் பெருந்துயரம் எனலாம்.

முடிவுபெறாத பிரிவு

விலக்கின் இலக்கணம் முற்றிலும் சிதைந்த களம் சயாம் - பர்மா இரயில் பாதையாகும். 1942ஆம் ஆண்டிலிருந்து 1943ஆம் ஆண்டு அக்டோபர் வரை சப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி அவர்களை ஆயிரக்கணக்கில் மாய்த்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய நாவல்கள் இவ்வரலாற்றைத் தமிழில் நிலைநிறுத்தின.

இந்நாவல்களைப் பற்றிய நம் திறனாய்வுகள் சப்பானியர் கொடுமையையும் தொழிலாளரின் அவலத்தையும் வலியுறுத்தியுள்ளன. அவற்றை நோயிலக்கியமாகவும் வாசித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அம்முகாம்களில் அடித்து உதைக்கப்பட்ட உடல்களுக்கு நேர்ந்ததைப் போன்றே, வழக்கங்களுக்கும் அழிவு நேர்ந்தது. நோயுற்றவரின் அருகில் இருக்க வேண்டியவர் மறுநாள் வேலைக்கு விரட்டப்பட்டார். இறந்தவருக்கு நீர்மாலை இல்லை. கொள்ளி வைக்க மகன் இல்லை. எட்டும் பதினாறும் இல்லை. போர்க்கைதிகளாக இருந்த ஐரோப்பியருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பெயர்க்கல் வாய்க்கவில்லை.

இதன் விளைவு சயாமோடு நிற்கவில்லை. ஊரிலிருந்த லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. கணவன் இறந்த நாள் அறியாத பெண் எந்நாளில் திதி கொடுப்பாள்? தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? மறுமணம் செய்வது முறையா, பிழையா? விலக்கு முடிந்ததை அறிவிக்கும் மூன்றாம் உறுப்பு இல்லாதபோது உறவு நடுவழியில் நின்றுவிடுகிறது. இந்நாவல்களை மதிப்பிடுவோர் போர் வரலாற்றோடு அவை எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்ப்பதோடு அமையாது, முடிவுபெறாத இத்துக்கத்தை எவ்வளவு ஆழமாகத் தொடுகின்றன என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.

சுங்கை நிபா கற்பித்தது

இதுவரை கண்டவை முந்தைய தலைமுறையினர்க்கு உரியவை. 1998 - 1999ஆம் ஆண்டுகளில் நெகிரி செம்பிலானைத் தாக்கிய நிபா நோயோ நம் கண்முன் நிகழ்ந்தது. ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய அந்நோய் சிரம்பானையடுத்த சிக்காமாட்டுக்கும், பின்னர் போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்குக்கும் பரவியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பன்றிப் பண்ணைகளை நடத்திய சீனர்களே பெரும்பான்மையோராயினும், அப்பண்ணைகளில் வேலைசெய்த இந்தியரும் அவர்களுள் இருந்தனர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

தொடக்கத்தில் இது கொசுவால் பரவும் சப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர், இறப்பு நிற்கவில்லை. மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு மாண்டோர் பன்றிகளோடு பழகிய வளர்ந்த ஆண்கள். கொசு எல்லாரையும் கடிக்கும். ஆனால் அதே வட்டாரத்தில் வாழ்ந்த, பன்றியோடு தொடர்பில்லாத மலாய்க்காரர்களிடையே நோய் காணப்படவில்லை. நோய் அண்டை வழியே செல்லவில்லை, தொழில் வழியே சென்றது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் புதிய நச்சுயிரி ஒன்றைப் பிரித்தெடுத்தார். யார் யாரோடு, எதனோடு பழகுகின்றனர் என்னும் கேள்வியை விடாது கேட்டவர்களுக்கே அந்நோய் விளங்கிற்று. வாழ்வுறவுகளை வாசித்தல் பண்பாட்டாய்வாளருக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நச்சுயிரிக்குச் சுங்கை நிபா என்னும் சிற்றூரின் பெயர் சூட்டப்பட்டது. நோய் நீங்கிய பின்னும் பெயர் நீங்கவில்லை. அம்மை வழக்கில் நோய்க்குத் தாயின் பெயரை இட்டு நோயாளியின் மானத்தைக் காத்தனர். இங்கோ ஊரின் பெயரை நோய்க்கு இட்டனர். 2015ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்கு இடப்பெயரையோ மக்கட்பெயரையோ சூட்டலாகாது என்று நெறிமுறை வகுத்தது. தோட்டமக்கள் எந்நெறிமுறையும் இன்றியே அறிந்திருந்த ஒன்றை உலகம் காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்டது எனலாம். ஆயினும் 2020ஆம் ஆண்டில் கெடாவில் பரவிய ஒரு தொற்றுத்திரளுக்குத் தமிழகத்துச் சிவகங்கையின் பெயரே வழங்கப்பட்டமை, அப்பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

கூடல் இடைவெளி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோயில்கள் அடைக்கப்பட்டன. தோட்டத்து மாரியம்மன் ஆண்டுத் திருவிழாக்கள் நின்றன. கொள்ளைநோயின் நினைவாகத் தோன்றிய விழா, கொள்ளைநோயினாலேயே நிறுத்தப்பட்டது. சாவு வீடுகளில் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. மருத்துவமனையில் இறந்தவரின் முகத்தைக் காணாமலே பல குடும்பங்கள் ஈமக்கடனை முடித்தன. விலக வேண்டியவர் யார் என்பதை அரசு தெளிவாக உரைத்தது. மருத்துவ நோக்கில் அது தேவையானதே. அருகிலிருப்பவர் யார், பிரிவு முடிந்ததை எவ்வாறு அறிவிப்பது என்னும் மற்ற இரண்டிற்கும் விடை கிடைக்கவில்லை. நோயிலிருந்து மீண்டவர் மீண்டும் அண்டை வீட்டுப் படியேறுவதற்கு ஒரு கூழ் ஊற்றும் நாள் அமையவில்லை.

அக்காலத்துச் சொல்லாக்கம் ஒன்று தமிழாசிரியர் கருத்துக்குரியது. ஆங்கிலத் தொடரை அடியொற்றிச் சமூக இடைவெளி என்று பலரும் வழங்கினர். தமிழில் அச்சொல் சாதி விலக்கை நினைவூட்டுவது. மலேசியாவில் கூடல் இடைவெளி என்னும் வழக்கும் எழுந்தது. முன்னது மனிதர்க்கிடையே தூரத்தை வகுக்கிறது. பின்னது கூடியிருத்தலையே அடிப்படையாக ஏற்று, அதனுள் சிறிது இடம் விடச் சொல்கிறது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொன்ன நாவின் பழக்கம் இச்சொல்லாக்கத்திலும் தொடர்கிறது என்று கருதுகிறோம்.

முடிவுரை

நெகிரி செம்பிலான் தோட்டங்கள் வேகமாக மறைந்துவருகின்றன. செண்டாயானில் இரப்பரும் செம்பனையும் நின்ற நிலம் இன்று நகரமாகியுள்ளது. லயங்கள் இடிபடும்போது அவற்றோடு வாழ்ந்த வழக்கங்களும், அவற்றை விளக்கிச் சொல்லக்கூடிய முதியோரும் நம்மைவிட்டு நீங்குகின்றனர். இடம்பெயரும் மாரியம்மன் கோயில், இராசகோபுரத்தோடு எழும்பலாம். அக்கோயில் ஏன் எழுந்தது என்பது மறக்கப்படலாம்.

எனவே தமிழாசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். தோட்டத்து நோய் வழக்கம் ஒன்றைப் பதிவு செய்யும்போது அது அறிவியலா, மூடநம்பிக்கையா என்று தீர்ப்பெழுத விரையாது, மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்வழக்கம் யாரை விலக்கியது? யாரை அருகிலிருக்கப் பணித்தது, அவர் அதற்கு என்ன விலை கொடுத்தார்? பிரிவு முடிந்ததை எவ்வாறு அறிவித்தது? இவ்வினாக்களுக்குரிய விடைகளே நம் மக்களின் நோய் வரலாறாகும். அவற்றைச் சொல்லத்தக்க பாட்டிமார் இன்னும் சிலர் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் தாமான் வீடுகளில் இருக்கின்றனர். மாணவரைக் கையேட்டோடு அவர்களிடம் அனுப்புதல் இன்றே செய்யத்தக்க பணியாகும்.